முதல் கன்ப்ளா எதை வாங்குவது? சென்னையில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

அவசரமாகப் பதில் வேண்டும் என்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கன்ப்ளா என்பது துண்டுகளை நாமே சேர்த்துச் செய்யும் கன்டம் ரோபோ மாடல்; அதில் ஜப்பானின் பண்டாய் நிறுவனத்தின் ஈஜி (EG) வரிசையில் வரும் ஆர்எக்ஸ்-78-2 கன்டம் வாங்குங்கள். அது கிடைக்கவில்லையா, ஹெச்ஜி (HG) வரிசையில் 2015இலோ அதற்குப் பிறகோ வெளியான, சிறகு கிறகு இல்லாத ஒன்றை எடுங்கள். ஏன் அது, ஏன் பக்கத்தில் இருக்கும் பெரிய பெட்டி வேண்டாம், சென்னையில் எங்கே பார்ப்பது, வீட்டுக்குக் கொண்டுவந்து எப்படி உட்கார்ந்து செய்வது என்பதெல்லாம் கீழே. கொஞ்சம் நீளம்தான். ஆனால் முதல் செட் பாதியில் நின்றுபோய், அதை அலமாரி மேலே தூக்கிப் போட்டுவிட்டு அப்புறம் இந்தப் பக்கமே வராதவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், அதனால் ஒன்றையும் விடாமல் எழுதுகிறேன்.

முதலில், இது என்ன பொருள்

கடையில் வாங்கும் சாதாரண ஆக்‌ஷன் ஃபிகர் முழு உருவமாக வரும், கையைக் காலை மடக்கி நிறுத்தலாம், அவ்வளவுதான். இங்கே நான் சொல்வது துண்டு துண்டாக வந்து நீங்களே மூட்டு மூட்டாகச் சேர்த்து உருவாக்குவது. செய்து முடித்ததும் அதுவும் கை கால் மடக்கும், வாள் பிடிக்கும், ஒற்றைக் காலில்கூட நிற்கும். இதில் பெரிய குடும்பம் கன்ப்ளா. கன்டம் என்ற ஜப்பானிய ரோபோ தொடர் 1979இல் தொலைக்காட்சியில் வந்தது, அடுத்த வருடம் ஜூலையில் பண்டாய் அதன் முதல் பிளாஸ்டிக் மாடலை 300 யென்னுக்கு விற்கத் தொடங்கியது. கன்டம், பிளாஸ்டிக் மாடல் இரண்டையும் சுருக்கி ஒட்டிய பெயர்தான் கன்ப்ளா. அந்தக் காலத்தில் பசை போட்டு ஒட்ட வேண்டும், பெயின்ட்டும் நாமே அடிக்க வேண்டும். இப்போது வருவதில் பசையே வேண்டாம், பிளாஸ்டிக்கே அந்தந்த நிறத்தில் வார்க்கப்பட்டு வருகிறது, அழுத்தினால் பொருந்திக்கொள்ளும்.

இரண்டாவது குடும்பம் லெகோ. இந்த வகையில் லெகோ 2001 முதல் 2010 வரை பயோனிகிள் என்று ஒரு வரிசை நடத்தியது, 2015இல் மறுபடி கொண்டுவந்து 2016இல் நிறுத்திவிட்டது. பந்தும் குழியும் போன்ற மூட்டு, முகமூடி, டப்பாவில் வரும் உருவங்கள். மிக அழகான யோசனை அது. இன்று யாராவது பழசை விற்றால்தான் உண்டு, பழசில் குழி மூட்டுகள் விரிசல் விடுவது சகஜம், சில வருடங்களில் வந்த வெளிர் பச்சை நிறத் துண்டுகள் தொட்டாலே உடையும் என்று பெயர் வாங்கியவை. அதனால் முதல் செட்டாக அது வேண்டாம். இப்போது லெகோ போடும் சூப்பர் ஹீரோ உருவங்கள் வேறு. 2022இல் வந்த அயர்ன் மேன் 381 துண்டு. கருவி எதுவும் வேண்டாம், கழற்றி வேறு ஏதாவது செய்யலாம், மறுபடி சேர்க்கலாம்.

எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வாங்குகிறீர்கள், கழற்றிப் போட்டு விளையாடுவதுதான் அதற்குப் பிடிக்கும் என்றால் யோசிக்காமல் லெகோ பக்கம் போங்கள். கன்ப்ளா ஒரு தடவை சேர்த்தால் சேர்த்ததுதான், கழற்றலாம், ஆனால் கழற்றுவதற்காகச் செய்யப்பட்டது இல்லை. மாறாக, நிறுத்தி வைத்துப் பார்ப்பது, விதவிதமாகப் போஸ் கொடுப்பது, ஒரு ரோபோவின் முழங்கால் எப்படி மடங்குகிறது என்று உள்ளே பார்ப்பது இதெல்லாம் பிடிக்கும் என்றால் கன்ப்ளா. லெகோ மூட்டு பல் வைத்தது, கிளிக் கிளிக் என்று படிப்படியாகத்தான் நிற்கும். கன்ப்ளா மூட்டு வழுக்கிக்கொண்டு எந்தக் கோணத்திலும் நிற்கும். கையில் எடுத்து ஒரு தடவை மடக்கினால் இந்த வித்தியாசம் உடனே தெரிந்துவிடும். இனிமேல் நான் எழுதுவது பெரும்பாலும் கன்ப்ளாவைப் பற்றித்தான்.

வரிசைகளைப் புரிந்துகொள்வது

பெட்டியின் மேல் வரிசையின் பெயராக இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும், கூடவே 1/144 அல்லது 1/100 என்று ஓர் அளவு இருக்கும். கதையில் நாயகனின் ரோபோவான ஆர்எக்ஸ்-78-2 கன்டத்தின் உயரம் 18 மீட்டர். அதை 144ஆல் வகுத்தால் பன்னிரண்டரை சென்டிமீட்டர், உங்கள் உள்ளங்கை நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகம். 100ஆல் வகுத்தால் 18 சென்டிமீட்டர். 60ஆல் வகுத்தால் 30, அதாவது ஒரு பள்ளிக்கூட ஸ்கேல்.

ஹெச்ஜி 1990இல் தொடங்கியது, 1/144. எம்ஜி (MG) 1995, 1/100. பிஜி (PG) 1998, 1/60. ஆர்ஜி (RG) 2010, இது மறுபடி 1/144, ஆனால் எம்ஜியில் இருக்கும் நுணுக்கத்தை அந்தச் சின்ன உடம்புக்குள் திணித்தது. ஈஜி 2020இல் வந்தது, 1/144, புதியவர்களுக்காகவே வடிவமைத்தது. எஸ்டி (SD) என்று பெரிய தலையும் குட்டைக் காலுமாக ஒரு வகை இருக்கிறது, விலை குறைவு, அழகாகவும் இருக்கும், ஆனால் அந்தக் குட்டைக் காலை வைத்துக்கொண்டு போஸ் கொடுக்க அதிகம் முடியாது. ஆக்‌ஷன் ஃபிகர் வேண்டும் என்று வருகிறவருக்கு எஸ்டி ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

இந்த எழுத்துகளைச் சுலபத்திலிருந்து கஷ்டத்துக்குப் போகும் ஏணி என்று பலர் சொல்வார்கள். முழுக்கச் சரியில்லை. எம்ஜி கஷ்டம் இல்லை, நேரம் அதிகம், துண்டு பெரிதாக இருப்பதால் கைக்கு உண்மையில் வசதிதான். கஷ்டம் ஆர்ஜியில்தான், ஏனென்றால் அங்கே துண்டுகள் அரிசி அளவு. எனக்கு ஈஜி முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது, ஹெச்ஜி ஒரு ஞாயிறு மதியம், ஆர்ஜிக்கு நான்கைந்து இரவுகள், எம்ஜி ஒரு வாரம்.

என் முதல் செட் ஓர் ஆர்ஜி. படத்தைப் பார்த்து மயங்கி வாங்கினேன். ஆர்ஜியின் உள்சட்டம், அதாவது எலும்புக்கூடு மாதிரி உள்ளே இருப்பது, பல இடங்களில் மூட்டோடு சேர்த்தே வார்த்து வரும், வெட்டி எடுத்ததும் ஏற்கெனவே மடங்கும், பார்க்க அதிசயமாக இருக்கும். அதன் மேல் கவசத் துண்டுகளைப் போர்த்திக்கொண்டே வர வேண்டும். மூன்றாவது நாள் மணிக்கட்டை அழுத்தும்போது உடைந்தது. அதற்கப்புறம் இரண்டு வருடம் நான் இன்னொன்று வாங்கவில்லை. அக்கா மகன்தான், ஒன்பதாம் வகுப்பு படிக்கிறவன், என்னை மறுபடி இழுத்துவந்தான். அவன் செய்த ஈஜியைக் கொண்டுவந்து, “சித்தி, நிப்பர்கூட வேணாம், கையாலயே திருகி எடுத்தேன், பாரேன் கால் எவ்ளோ மடங்குதுன்னு” என்று காட்டினான். (நிப்பர் என்பது துண்டை வெட்டி எடுக்கும் சின்ன கட்டர்.) முழங்கால் பின்தொடையைத் தொடும் வரை மடங்கியது. நான் செலவழித்ததில் ஒரு சிறு பங்குதான் அவன் கொடுத்திருந்தான்.

எழுத்தைவிட வெளியான வருடத்தைப் பாருங்கள்

ஒரே ஹெச்ஜி எழுத்தைப் போட்டுக்கொண்டு 2001இல் வந்த பெட்டியும் 2022இல் வந்த பெட்டியும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், ஏனென்றால் பண்டாய் பழைய அச்சுகளை மறுபடி மறுபடி எடுத்து வார்க்கும். இரண்டுக்கும் நடுவில் இருபது வருடப் பொறியியல் இருக்கிறது. பழையதில் முழங்கை 90 டிகிரியோடு நின்றுவிடும், இடுப்பு அசையாது, பல இடத்தில் நிறம் பிளாஸ்டிக்கில் இருக்காது, ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லும். மூட்டுகளில் பாலிகேப் என்ற மிருதுவான சாம்பல் நிற வளையங்கள் இருக்கும், அவை தளர்ந்தால் கை தொங்கும். புதியதில் பல செட்டுகளில் பாலிகேப்பே இல்லை, மூட்டுக்கென்றே ஒரு கெட்டியான பிளாஸ்டிக் வந்துவிட்டது.

வருடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? செட்டின் பெயரைத் தேடினால் வெளியான வருடம் வந்துவிடும். கடையில் நிற்கும்போதே போனில் பாருங்கள், வெட்கப்படாதீர்கள்.

நான் தயங்காமல் கைகாட்டும் சில (பெயர்கள் எல்லாம் கன்டம் தொடர்களில் வரும் ரோபோக்கள்): ஈஜி ஆர்எக்ஸ்-78-2, இதில் ஸ்டிக்கர் ஒன்றுகூட இல்லை, கண்ணின் நிறம்கூடப் பிளாஸ்டிக்கிலேயே வரும். அதே வரிசையில் 2021இல் வந்த ஸ்ட்ரைக். ஹெச்ஜியில் 2022இல் வந்த ஏரியல், மெலிந்த உடம்பு, நன்றாக மடங்கும், நெஞ்சில் பளபளக்கும் தகடு உள்ளே வைத்து மூடும் இடம் செய்யும்போதே சந்தோஷமாக இருக்கும். ஹெச்ஜியில் 2015இல் வந்த பார்பட்டோஸ், இடுப்பில் உள்சட்டம் வெளியே தெரியும், கையில் ஒரு பெரிய கதாயுதம், ஸ்டிக்கர் கொஞ்சம் உண்டு. ஹெச்ஜியிலேயே ஆர்எக்ஸ்-78-2 வேண்டுமென்றால் 2015இல் புதுப்பித்து வெளியிட்டதை எடுங்கள், 2001இல் வந்ததும் அதே பெயரில் இருக்கும், பெட்டியைக் கவனித்து வாங்குங்கள்.

ரோபோவே பிடிக்காது, டிராகன் பால் பார்த்து வளர்ந்தவர் என்றால் அதே பண்டாயின் ஃபிகர்-ரைஸ் ஸ்டாண்டர்ட் வரிசையில் கோக்கு கிடைக்கும், செய்முறை ஒன்றேதான். கதை எதுவும் வேண்டாம், கை காலை மாற்றி மாற்றிப் போட்டு விளையாட வேண்டும் என்பவருக்கு 2019இல் தொடங்கிய 30 மினிட்ஸ் மிஷன்ஸ் என்ற பண்டாய் ரோபோ வரிசை நல்ல தேர்வு.

பெட்டிப் படத்தில் எதைப் பார்ப்பது

பெட்டியின் பக்கவாட்டில் செட் செய்து முடித்த புகைப்படங்கள் இருக்கும். முகப்பில் இருக்கும் ஓவியத்தை விட்டுவிட்டு அதைப் பாருங்கள். முழங்கால் போட்டு உட்கார்ந்த படம் இருக்கிறதா? இருந்தால் இடுப்பும் கணுக்காலும் நன்றாக அசைகிறது என்று அர்த்தம். இரண்டு கையாலும் ஓர் ஆயுதத்தைப் பிடித்த படம் இருந்தால் தோள் முன்பக்கம் வரும். முதுகில் என்ன இருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். பெரிய சிறகு, பெரிய பீரங்கி என்றால் எடை பின்னால் இழுக்கும், ஸ்டாண்ட் இல்லாமல் நிற்காது. ஸ்டாண்ட் பெரும்பாலும் தனியாகத்தான் வாங்க வேண்டும், அந்தக் காசையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கூடுதல் கைகள் வருகிறதா என்பதும் முக்கியம், விரித்த கை ஒன்று கூட வந்தால் கொடுக்கக்கூடிய போஸ்கள் இரண்டு மடங்காகும்.

சென்னையில் வாங்குவது

விலை ஏன் இப்படி இருக்கிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். இறக்குமதி ஆகும் பொம்மைகளுக்கு 2020இல் சுங்க வரியை 20 சதவீதத்திலிருந்து 60 ஆக உயர்த்தினார்கள், 2023இல் அது 70 ஆனது. ஸ்கேல் மாடல்களும் சுங்கக் கணக்கில் பொம்மைகளோடு ஒரே தலைப்பில்தான் வருகின்றன. அதனால் ஜப்பானில் 700 யென் போட்டிருக்கும் ஈஜி இங்கே அதே விலைக்கு வராது. நான் எனக்கு வைத்திருக்கும் கணக்கு இது: ஜப்பான் விலையை ரூபாயாக மாற்றி இரண்டால் பெருக்குவேன், அதற்குள் இருந்தால் வாங்குவேன், ரொம்பத் தாண்டினால் அடுத்த மாதம் வரை காத்திருப்பேன். ஒரே செட் மூன்று கடையில் மூன்று விலையில் இருப்பது சாதாரணம்.

மால்களில் இருக்கும் பொம்மைக் கடைகளில் லெகோ நிச்சயம் இருக்கும், கன்ப்ளா இருந்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலோர் இந்தியாவுக்குள் இருக்கும் ஹாபி கடைகளிடம் ஆன்லைனில்தான் வாங்குகிறோம். சென்னையில் காமிக் கான் என்ற காமிக்ஸ் ரசிகர் விழா முதல் தடவையாக 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்தது, அந்த மாதிரி இடங்களுக்குப் போனால் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், செய்து முடித்ததை வைத்திருப்பவர்களிடம் பேசலாம். வாங்காவிட்டாலும் ஒரு தடவை போய்விட்டு வாருங்கள், 1/144 எவ்வளவு சின்னது என்பது நேரில் பார்த்தால்தான் மனதில் பதியும்.

பாரிஸ் கார்னர் பக்கத்து மொத்த விலைக் கடைகளிலும் ஆன்லைனிலும் பாதி விலைக்குக் காப்பி செட்டுகள் வரும். முதல் செட்டுக்கு அது வேண்டவே வேண்டாம். காசு மிச்சம் என்பது உண்மைதான், ஆனால் இந்த விஷயத்தின் உயிரே துண்டுகள் எவ்வளவு துல்லியமாகப் பொருந்துகின்றன என்பதில் இருக்கிறது. காப்பியில் ஒன்று இறுகி உடையும், இல்லை தளர்ந்து விழும், நீங்கள் உங்கள் கையில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்வீர்கள். அசலில் பெட்டியில் பண்டாய் முத்திரை இருக்கும், உள்ளே துண்டுகளைத் தாங்கி வரும் சட்டத்திலும் நிறுவனத்தின் பெயர் அச்சாகியிருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையும் பாருங்கள், 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம்.

பார்சல் வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுங்கள். எனக்கு ஒரு தடவை பெட்டி நசுங்கி வந்தது, உள்ளே ஒரு சட்டத்தில் இரண்டு துண்டு கழன்று காணாமல் போயிருந்தது, வீடியோ இல்லாததால் பேசிப் பார்த்தும் பயனில்லை.

கருவி

ஈஜிக்கு எதுவும் வேண்டாம். ஹெச்ஜிக்கு ஒரு நிப்பர் வேண்டும். நகவெட்டியால் வெட்டலாம் என்று சொல்வார்கள், வெட்டினால் துண்டின் ஓரம் வெள்ளையாகக் கசங்கும், அந்த வெள்ளை போகாது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு விற்கும் சின்ன கட்டர் முதல் செட்டுக்குப் போதும், மெட்ரோவில் கவர்ன்மென்ட் எஸ்டேட் இறங்கினால் நடக்கும் தூரம். வாங்கும்போது முனையின் ஒரு பக்கம் தட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டு பக்கமும் சரிவாக இருப்பது கம்பி வெட்டத்தான் ஆகும். ஜப்பான் நிப்பர்கள் அற்புதமானவை, ஆனால் ஐந்தாறு செட் செய்தபிறகு வாங்குங்கள்.

ஹார்டுவேர் கடையில் வாட்டர் பேப்பர் என்று கேட்டு 400, 800, 1000 எண்களில் ஒவ்வொரு தாள் வாங்கிக்கொள்ளுங்கள். ஃபேன்சி ஸ்டோரில் நகம் பளபளப்பாக்க விற்கும் பஃபர் கட்டையும் நன்றாக வேலை செய்யும். கவசத்தில் இருக்கும் பள்ளக் கோடுகளுக்கு நிறம் போட மெல்லிய முனை கன்டம் மார்க்கர் பேனா ஒன்று, அதுவும் விருப்பம் இருந்தால். பெயின்ட், ஸ்ப்ரே எதுவும் இப்போதைக்கு வேண்டாம். அதிலும் பளபளப்பைக் குறைக்கும் மேட் ஸ்ப்ரே சென்னைக் காற்றின் ஈரத்தில் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும்.

முதல் தடவை உட்காரும்போது

மின்விசிறிதான் இங்கே முதல் எதிரி. மே மாதத்தில் அதை நிறுத்திவிட்டு உட்கார முடியாது என்று எனக்கும் தெரியும். அதனால் விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் தாம்பாளத்தில் ஒரு வெளிர் நிறத் துணியை விரித்து அதற்குள்ளேயே வேலை செய்யுங்கள். துண்டு கீழே விழாது, விழுந்தாலும் ஓடாது. வீட்டில் பல்லாங்குழி இருந்தால் எடுங்கள், பதினான்கு குழி, வெட்டிய துண்டுகளைப் பிரித்து வைக்க இதைவிட நல்ல சாமான் கிடையாது.

செய்முறைப் புத்தகம் ஜப்பான் மொழியில் இருக்கும், பயப்பட வேண்டாம், எல்லாம் படம். ஒவ்வொரு சட்டத்துக்கும் ஓர் ஆங்கில எழுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண். படத்தில் ஏ-12 என்றிருந்தால் ஏ சட்டத்தில் 12ஆம் துண்டு. எல்லாவற்றையும் முதலிலேயே வெட்டிக் குவித்துவிடாதீர்கள், எண் சட்டத்தில்தான் இருக்கிறது, துண்டில் இல்லை. அந்தப் படிக்குத் தேவையானதை மட்டும் வெட்டுங்கள்.

வெட்டுவது இரண்டு தடவையாக. முதலில் துண்டிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி வெட்டி வெளியே எடுங்கள். அப்புறம் நிப்பரின் தட்டைப் பக்கம் துண்டைப் பார்க்க, மிச்சக் காம்பை ஒரு மயிரிழை விட்டு வெட்டுங்கள். அந்த மயிரிழையை 400இல் தொடங்கி 1000 வரை தேய்த்தால் தடம் தெரியாது. ஒரே வெட்டில் ஒட்ட வெட்டினால் பிளாஸ்டிக் இழுபட்டு வெள்ளைத் தழும்பு வரும், சில சமயம் குழியே விழும்.

சேர்க்கும்போது முதலில் லேசாகப் பொருத்திப் படத்தோடு ஒப்பிடுங்கள், திசை சரியா, இடது வலது மாறவில்லையா என்று பார்த்துவிட்டு அப்புறம் முழுக்க அழுத்துங்கள். பெரும்பாலான உடைசல், தப்பாக அழுத்தியதைப் பிரிக்கும்போதுதான் நடக்கிறது. மணிக்கட்டு, கணுக்கால், தலையின் ஆன்டெனா மூன்றிலும் பலம் காட்டாதீர்கள். இறுக்கமாக இருந்தால் மெதுவாகச் சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள்.

எந்த வரிசையில் செய்வது என்று புத்தகம் சொல்லும், ஆனாலும் ஒரு கையை முழுதாக முடித்ததும் நிறுத்தி, முழங்கையை நாலு தடவை மடக்கிப் பாருங்கள். உள்ளே எந்தத் துண்டு எதைத் தள்ளுகிறது என்று நீங்களே செய்திருப்பதால் விரல் நுனியில் தெரியும். எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் ரொம்பப் பிடித்த நிமிடம் அதுதான்.

முடித்ததை மேற்கு பார்த்த ஜன்னலில் வைக்காதீர்கள், வெயிலில் வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளாகும். கண்ணாடி அலமாரி இருந்தால் நல்லது, இல்லையென்றால் வாரம் ஒரு தடவை மிருதுவான பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். எங்கள் வீட்டில் நவராத்திரி கொலுவில் கீழே போடும் பார்க்கில் அக்கா மகனின் கன்டம் ஒன்பது நாளும் நின்றது, சுண்டலுக்கு வந்த பிள்ளைகள் எல்லாரும் அதன் முன்னால்தான் உட்கார்ந்தார்கள்.

செட் முடிந்ததும் வெறும் சட்டங்களைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். சில செட்டுகளில் பயன்படாத துண்டுகள், கூடுதல் கைகள் அதிலேயே மிஞ்சியிருக்கும். அவற்றை வெட்டி, புத்தகத்தோடு சேர்த்து ஒரு ஜிப் கவரில் போட்டு, மேலே செட்டின் பெயரை எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள்.